தேர்தல் ஆணையம் யாருக்கும் கட்டுப்படாமல் இயங்க என்னென்ன வேண்டும்? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற சென்னை மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த தேர்தல் நேரத்துக்கு நடக்குமா, அதை நடத்துவது யார், அவர்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று வாக்காளர் விழிப்புணர்வுக் கூட்டங்களில் பலரும் கேட்கிறார்கள். இப்படி ஓர் அமைப்பைப் புதிதாக உருவாக்குவதென்றால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அரசாங்கமே தேர்தலை நடத்தினால் என்ன? தனி அமைப்பு எதற்கு?

சில நாடுகளில் அரசாங்கம்தான் நடத்துகிறது. சிங்கப்பூரில் தேர்தல் துறை பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. இங்கிலாந்தில் வாக்குப்பதிவையும் எண்ணிக்கையையும் உள்ளாட்சி மன்ற அதிகாரிகள் கவனிக்கிறார்கள். கட்சிகளின் வரவு செலவைக் கண்காணிக்கத்தான் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அங்கே ஓர் ஆணையம் வந்தது.

நம் நாடு வேறு வழியில் போனதற்குக் காரணம் இருந்தது. அரசியல் நிர்ணய சபையின் முதல் வரைவில் மாகாணத்துக்கு ஓர் ஆணையம் என்றுதான் இருந்தது. 1949 ஜூனில் அம்பேத்கர் அதை மாற்றி, நாடு முழுவதற்கும் ஒரே ஆணையம் என்று திருத்தம் கொண்டுவந்தார். மொழியாலும் இனத்தாலும் வேறுபட்டவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் விடும்படி சில மாகாணங்களில் அதிகாரிகளுக்கு உத்தரவு போவதாகப் புகார் வந்திருப்பதை அவர் சபையில் எடுத்துச் சொன்னார். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைந்த சென்னைக்கு அந்தக் கவலை இன்றைக்கும் பொருந்தும்.

ஆளும் கட்சியும் தேர்தலில் ஒரு போட்டியாளர். பட்டியலும் அதன் கையில், எண்ணும் மேசையும் அதன் கையில் என்றால், எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும் தோற்றவர் நம்பமாட்டார். தோற்றவர் முடிவை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும்.

சென்னையில் எந்தத் தேர்தலை யார் நடத்துகிறார்கள்?

இரண்டு ஆணையங்கள் இருக்கின்றன. நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டையும் நடத்துவது 1950 ஜனவரி 25ல் தொடங்கப்பட்ட இந்தியத் தேர்தல் ஆணையம். அதன் மாநிலப் பிரதிநிதியான தலைமைத் தேர்தல் அதிகாரியின் அலுவலகம் கோட்டையில், தலைமைச் செயலகத்தில் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சித் தேர்தல்களை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். 1992ன் 73, 74ஆவது அரசியல் சாசனத் திருத்தங்களுக்குப் பிறகு, 1994ல் அது உருவானது. கோயம்பேடு பக்கம் நூறடி சாலையில் அதன் அலுவலகம் இருக்கிறது. கவுன்சிலர் தேர்தல் புகாரைக் கோட்டைக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் நிறைய பேர், அதனால்தான் முகவரியோடு சொல்கிறேன்.

ஆணையரை யார் நியமிக்க வேண்டும்?

ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு சொல்பவரை ஒரு தரப்பு மட்டும் கூட்டிக்கொண்டு வந்தால் அடுத்த தரப்பு எழுந்து போய்விடும். இங்கேயும் அதே சிக்கல்தான். இந்தியத் தேர்தல் ஆணையர்களைப் பிரதமரின் பரிந்துரைப்படி குடியரசுத் தலைவர் நியமிப்பதே எழுபது ஆண்டுக்கும் மேலாக வழக்கமாக இருந்தது. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்த குழு தேர்வு செய்ய வேண்டும், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை இதுவே நடைமுறை என்று 2023 மார்ச் 2ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் சட்டம் வந்தது. அதில் தலைமை நீதிபதிக்குப் பதிலாக, பிரதமர் சொல்லும் ஒரு மத்திய அமைச்சர் இடம்பெற்றார். மூன்றில் இரண்டு ஓட்டு அரசாங்கத்திடம் இருக்கும்போது எதிர்க்கட்சித் தலைவர் வேண்டாம் என்று சொன்னாலும் நியமனம் நின்றுபோகாது. அந்தக் குழு கூடுவதற்கே அர்த்தம் குறைந்துவிட்டது என்பது என் கருத்து.

மாநில ஆணையர் விஷயத்தில் இந்த அளவுகூட இல்லை. ஆளுநர் நியமிக்கிறார், மாநில அரசு பரிந்துரைக்கிறது. குழு கிடையாது, எதிர்க்கட்சிக்குப் பங்கு கிடையாது. புதிதாக அமைப்பவர்களுக்கு நான் சொல்வது: எதிர்த்தரப்பின் சம்மதம் இல்லாமல் யாரையும் உட்கார வைக்க முடியாதபடி விதி எழுதுங்கள். தாமதமாகும், உண்மைதான். ஆனால் இழுபறியால் நாற்காலி காலியாகவே கிடந்துவிடக் கூடாது என்பதற்கும் ஒரு வழி சேர்த்து எழுத வேண்டும். இலங்கையில் 2001ல் 17ஆவது திருத்தம் ஒரு சுதந்திரத் தேர்தல் ஆணைக்குழுவை அறிவித்தது. ஆணைக்குழு அமையவே இல்லை. அது அமையும்வரை பழைய தேர்தல் ஆணையாளரே தொடர வேண்டும் என்று திருத்தம் சொன்னதால், ஓய்வு கேட்ட அவர் 2011 வரை பதவியில் இருக்க வேண்டியதாயிற்று. ஆணைக்குழு ஒருவழியாக 2015ல், 19ஆவது திருத்தத்துக்குப் பிறகுதான் அமைந்தது.

ஓய்வுபெற்ற நீதிபதியைப் போட்டால் போதாதா?

போதாது. 2020ல் ஆந்திரத்தில் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிவைத்த மாநிலத் தேர்தல் ஆணையரை, பதவிக்காலத்தைக் குறைக்கும் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இடத்தில் உட்கார வைக்கப்பட்டவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. வந்தவரின் தகுதியைப் பற்றிய பேச்சு இது இல்லை. வந்த வழிதான் தவறு. அந்த ஆண்டு மே 29ல் ஆந்திர உயர் நீதிமன்றம் அவசரச் சட்டத்தை ரத்து செய்தது, பழைய ஆணையர் திரும்பி வந்தார்.

அப்படியானால் பதவி நீக்கத்துக்கு என்ன பாதுகாப்பு?

தலைமைத் தேர்தல் ஆணையரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் நீக்க முடியும். மற்ற இரு ஆணையர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, தலைமை ஆணையரின் பரிந்துரை இருந்தால் போதும். மாநிலத் தேர்தல் ஆணையருக்கு உயர் நீதிமன்ற நீதிபதிக்குச் சமமான பாதுகாப்பு இருக்கிறது. நியமித்த பிறகு அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றவும் கூடாது.

டி.என். சேஷன் 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது நடத்திய போராட்டமெல்லாம் இந்தப் பாதுகாப்பின் மேல் நின்றுதான். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், ஓய்வுக்குப் பிறகு சென்னையிலேயே வாழ்ந்து 2019 நவம்பரில் இங்கேயே மறைந்தார். "இன்னொரு சேஷன் வரவேண்டும்" என்று நம் ஊரில் அடிக்கடி கேட்கிறது. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் கையில் இருந்த சட்டம் 1950லிருந்தே இருந்தது, அதைப் பயன்படுத்தும் ஆள் வர நாற்பது ஆண்டுகள் ஆயின. நல்ல ஆள் வரும்வரை காத்திருக்க வைக்கும் அமைப்பு முழுமையான அமைப்பு ஆகாது.

நீக்கத்தைப் போலவே ஓய்வுக்குப் பிறகு கிடைக்கும் பதவியும் கவனிக்க வேண்டியது. ஆணையர்களுக்கு மறுநியமனம் கிடையாது என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, நல்லது. ஆனால் வேறு அரசுப் பதவி பெறத் தடை இல்லை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எம்.எஸ். கில் பின்னால் மாநிலங்களவை உறுப்பினராகி மத்திய அமைச்சரும் ஆனார். அவரது நேர்மையைப் பற்றிய பேச்சு இது இல்லை. அடுத்த பதவிக்கு வாசல் திறந்திருக்கும்வரை கேள்வி எழுந்துகொண்டே இருக்கும். குறைந்தது சில ஆண்டுகள் இடைவெளி வேண்டும்.

ஒரே ஆணையரா, பலரா?

மாநிலத்தில் ஒருவர், டெல்லியில் மூவர். டெல்லியிலும் 1993 அக்டோபர் வரை, 1989ன் கடைசியில் சில வாரங்கள் தவிர, ஒருவர்தான் இருந்தார். பலர் இருந்தால் ஒற்றைப்படையில் இருக்கட்டும். அமெரிக்காவில் தேர்தல் நிதியைக் கண்காணிக்கும் ஆணையத்தில் ஆறு பேர், ஒரே கட்சியினர் மூன்று பேருக்கு மேல் கூடாது, எந்த முடிவுக்கும் நான்கு ஓட்டு வேண்டும். அதனால் பல புகார்கள் மூன்றுக்கு மூன்று என்று அப்படியே நின்றுவிடுகின்றன. எத்தனை பேர் என்பதைவிட, மாறுபட்ட கருத்து வெளியே தெரிகிறதா என்பதே எனக்கு முக்கியம். 2019ல் தேர்தல் நடத்தை விதி மீறல் புகார்களில் ஓர் ஆணையர் மாறுபட்டபோது, அது கோப்பில் பதிவாகும், உத்தரவில் சேராது என்று ஆணையம் முடிவெடுத்தது. நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பை யாரும் படிக்கலாம். இங்கே ஏன் கூடாது?

பணம் யார் கையில் இருக்க வேண்டும்?

ஆணையம் கேட்டதும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இருக்கும் இடத்தில். இலங்கையில் 2023 மார்ச் 9ல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் திறைசேரி (அரசின் கருவூலம்) பணம் கொடுக்காததால் நடக்காமல் போனது. ஒதுக்கிய பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டும் பலனில்லை. கடைசியில் அந்தத் தேர்தல் 2025 மே 6ல்தான் நடந்தது. யாரும் ஆணையரை நீக்கவில்லை. பணம் வராமலே தேர்தல் நின்றுவிட்டது.

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் செலவை நாடாளுமன்ற ஓட்டெடுப்புக்கு உட்படாமல் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாக ஒதுக்க வேண்டும் என்று ஆணையமே கேட்டிருக்கிறது. 2015ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது.

சொந்த ஊழியர்கள் இல்லாமல் எப்படிச் சுதந்திரமாக இயங்க முடியும்?

கடினம்தான், ஆனால் முடிகிறது. சென்னையில் வாக்குச்சாவடியில் உட்காருபவர்கள் ஆசிரியர்கள், மாநகராட்சி, வருவாய்த் துறை ஊழியர்கள். மாவட்டத் தேர்தல் அதிகாரி மாநகராட்சி ஆணையர்தான். இத்தனை பேரை நிரந்தரமாக வேலைக்கு வைப்பது சாத்தியமில்லை. அதனால் தேர்தல் காலம் முழுவதும் அவர்கள் ஆணையத்திடம் அயல்பணியில், அதாவது அதன் கட்டுப்பாட்டில், இருப்பதாக மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கருதுகிறது. யாருக்கு எந்த பூத் என்பதைக் கணினியே குலுக்கிப் போடுகிறது. 2017ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலின்போது சென்னை போலீஸ் கமிஷனரையே இந்தியத் தேர்தல் ஆணையம் மாற்றியது.

உள்ளாட்சித் தேர்தலில் மாநில ஆணையம் இவ்வளவு துணிவாக நடப்பதை நாம் பார்த்ததில்லை. இரண்டு ஆணையங்களுக்கும் அதிகாரம் சமம் என்று உச்ச நீதிமன்றம் 2006ல் கிஷன்சிங் தோமர் வழக்கில் தெளிவாகவே சொன்னது. பணியில் இருக்கும் அரசு அதிகாரிக்கு மாநிலத் தேர்தல் ஆணையர் பதவியைக் கூடுதல் பொறுப்பாகக் கொடுக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் கோவா வழக்கில் சொன்னது. காகிதத்தில் பலம் இருக்கிறது.

எல்லாம் சரி, தேர்தல் தேதியை முடிவு செய்வது யார்?

எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. ஆணையத்தின் சுதந்திரத்தைச் சோதிக்க விரும்பினால், பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை அதனால் நடத்த முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

1973ல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996ல். இடையில் ஒரு தலைமுறையே தன் வார்டுக்கு ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்காமல் வளர்ந்தது. இப்படி இனி நடக்கக் கூடாது என்றுதான் 74ஆவது திருத்தம் வந்தது: ஐந்தாண்டுதான் ஆயுள், அது முடிவதற்குள் தேர்தல், கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். மாநிலத் தேர்தல் ஆணையமும் இதே திருத்தத்தின் குழந்தை.

அப்புறமும் நடந்தது. 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில், அக்டோபர் 4ல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்து, டிசம்பருக்குள் தேர்தலை நடத்தச் சொன்னது. அதன் பிறகு வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, புதிய மாவட்டங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. சென்னை ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19ல். 2019ன் குடிநீர்ப் பஞ்சத்திலும் கொரோனாவின் இரண்டு அலைகளிலும் இந்த நகரத்தின் 200 வார்டுகளில் ஒன்றுக்கும் கவுன்சிலர் இல்லை. தண்ணீர் லாரி வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் மக்கள் நின்றார்கள். எல்லா முடிவும் அரசு நியமித்த தனி அலுவலர் கையில் இருந்தது.

எங்கே ஓட்டை? தேதியை அறிவிப்பது ஆணையம்தான். ஆனால் வார்டு எல்லையும், எந்த வார்டு பெண்களுக்கு, எந்த வார்டு பட்டியல் இனத்தவருக்கு என்ற இடஒதுக்கீடும் முடிவாகாமல் தேதியை அறிவிக்க முடியாது. இடஒதுக்கீட்டை வெளியிடுவது மாநில அரசு. 2022ல் சென்னை மேயர் பதவி பட்டியல் இனப் பெண்களுக்கு என்ற அரசாணைகூட ஜனவரி மாதம்தான் வந்தது. அரசு அந்தக் காகிதத்தை வெளியிடாதவரை ஆணையம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் இதைப் பார்த்துவிட்டோம். 2019ல் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

அதனால் புதிதாகச் சட்டம் எழுதினால் நான் முதலில் எழுதச் சொல்வது இதை: மறுவரையறையும் இடஒதுக்கீடும் பதவிக்காலம் முடிய ஓர் ஆண்டு இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய எல்லைகளை வைத்தே ஆணையம் தேர்தலை நடத்தலாம் என்ற அதிகாரம் தானாகவே நடைமுறைக்கு வர வேண்டும். அரசு ஒத்துழைக்காவிட்டால் ஆணையம் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று கிஷன்சிங் தோமர் தீர்ப்பு ஏற்கெனவே வழிகாட்டியிருக்கிறது. அந்தக் கதவை ஆணையம் தட்ட வேண்டும்.

தொகுதி எல்லையையும் அதே ஆணையம் வரையலாமா?

மலேசியாவில் அப்படித்தான். இந்தியாவில் மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளுக்குத் தனி மறுவரையறை ஆணையம் அமைப்பார்கள். பிரித்து வைப்பதே நல்லது. எல்லைக் கோட்டை வரைந்தவரே ஆட்டத்தையும் நடத்தினால் பழி முழுவதும் ஒரே இடத்தில் சேரும்.

பணப் பட்டுவாடாவை ஆணையத்தால் தடுக்க முடியாதா?

ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரல் 12ல் வாக்குப்பதிவு நடக்க வேண்டும். வருமான வரிச் சோதனையில் பட்டுவாடா கணக்குகள் சிக்கியதும், ஏப்ரல் 9 இரவு தேர்தலையே ஆணையம் ரத்து செய்தது. டிசம்பர் 21ல்தான் மறுபடி நடந்தது. பூத் கைப்பற்றலுக்காகத் தேர்தலை ரத்து செய்யச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, பணத்துக்காக ரத்து செய்ய இல்லை. அதனால் அரசியல் சாசனத்தின் 324ஆவது பிரிவின் பொது அதிகாரத்தை ஆணையம் பயன்படுத்தியது. சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் அந்த அதிகாரம் உண்டு என்று மொகிந்தர் சிங் கில் என்ற வேட்பாளரின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தேர்தலை ரத்து செய்தால் தொகுதி மக்களுக்குத்தான் எம்.எல்.ஏ. இல்லாமல் போகிறார். பணம் கொடுத்தவருக்கு மறுபடி நிற்கத் தடை இல்லை. தண்டனை தவறு செய்தவர் மேல் விழும்படி சட்டம் மாற வேண்டும்.

ஆணையமே தவறு செய்தால்?

நீதிமன்றம்தான். கென்யாவில் 2017 ஆகஸ்டில் நடந்த அதிபர் தேர்தலை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1ல் ரத்து செய்தது, அக்டோபரில் மறுதேர்தல் நடந்தது. நம்மிடம் அந்த வேகம் இல்லை. 2016ல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2019 அக்டோபர் 4ல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. முடிவு தெரியாமலே 2021ல் அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடிந்துபோனது. தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது.

ஒரு குடியிருப்போர் சங்கத் தேர்தலுக்கு இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தும். வேளச்சேரியிலும் ஓ.எம்.ஆரிலும் நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட சங்கங்கள் இருக்கின்றன. பல சங்கங்கள் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. கோடிக்கணக்கில் பராமரிப்புப் பணம் புழங்கும் சங்கங்களும் உண்டு.

தேர்தல் குழுவில் மூன்று பேர் போதும். இப்போதைய நிர்வாகிகளோ, நிற்கப் போகிறவர்களோ, அவர்கள் வீட்டாரோ இருக்கக் கூடாது. குழுவை நிர்வாகக் குழு நியமிக்க வேண்டாம், பொதுக்குழுவில் கைதூக்கித் தேர்ந்தெடுங்கள், அதுவும் பதவிக்காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே. வீட்டுக்கு ஓர் ஓட்டா, உரிமையாளருக்கு ஓர் ஓட்டா, கூட்டு உரிமை என்றால் யார் போடுவது என்பதையெல்லாம் துணைவிதியில் எழுதிவையுங்கள். பெரும்பாலும் சண்டை வருவது பாக்கித் தொகையில்தான். தனக்குப் பிடிக்காதவரைப் பராமரிப்புக் கட்டண பாக்கி என்று சொல்லிக் கடைசி நாளில் பட்டியலிலிருந்து எடுப்பது சங்கங்களில் சகஜமாக நடக்கிறது. பாக்கி கட்டக் கடைசித் தேதி எது என்று முன்பே அறிவித்து, அதற்கு அடுத்த நாள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள். அதற்குப் பிறகு பட்டியலில் யாரும் கை வைக்கக் கூடாது.

வெளியாள் ஒருவரைத் தேர்தல் அதிகாரியாக வைப்பதும் நல்ல வழிதான், ஆனால் அவரை நியமித்தது யார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும். 2019 ஜூன் 23ல் மயிலாப்பூரில் நடந்த தென்னிந்திய நடிகர் சங்கத் தேர்தலை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடத்தினார். வழக்குகள் நீண்டதால் ஓட்டுப் பெட்டிகள் திறக்கப்படாமலே இருந்து, 2022 மார்ச்சில்தான் எண்ணப்பட்டன. உங்கள் சங்கத்தில் வாக்குப்பதிவு முடிந்த அன்றே, நின்றவர்கள் முன்னிலையில் எண்ணிவிடுங்கள். பிறகு சீட்டுகளை உறையில் போட்டு, எல்லா வேட்பாளர்களிடமும் மேலே கையெழுத்து வாங்கி, சீல் வைத்து, அடுத்த பொதுக்குழு வரை தேர்தல் குழுவிடமே வைத்திருங்கள்.